பூர்வகுடி ஊர்களில் மருத்துவ ஆய்வு: உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

ஆய்வுச் செவிலியர், டார்வின்

ஆஸ்திரேலியாவின் வட பிராந்தியத்தில் ஆய்வுச் செவிலியராக இருக்கிறேன். பூர்வகுடி மக்களிடையே மருத்துவ ஆய்வு செய்த தமிழர்கள் இங்கே சிலராவது இருப்பீர்கள். நான் செய்த ஒரு தவற்றிலிருந்து தொடங்குகிறேன்.

இங்குள்ள ஆர்னம் லேண்ட் என்ற பூர்வகுடிப் பகுதியில் ஒரு கடலோர ஊர். ருமாட்டிக் இதய நோய் பற்றிய ஆய்வு. தொண்டையில் வரும் கிருமித் தொற்றில் தொடங்கி இதய வால்வையே சிதைத்துவிடும் இந்த நோய், மற்ற ஆஸ்திரேலியர்களிடம் ஏறக்குறைய மறைந்துவிட்டது. பூர்வகுடிப் பிள்ளைகள் பலர் இன்றும் 28 நாளுக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி போட்டுக்கொண்டு வளர்கிறார்கள். இப்படிப்பட்ட நோய்க்கு ஆய்வு வேண்டாம் என்று யார் சொல்வார்கள் என்ற நினைப்போடுதான் விமானம் ஏறினேன்.

முதல் நாளே 11 பேர் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டார்கள். நான் ஒவ்வொரு பத்தியையும் எளிய ஆங்கிலத்தில் விளக்க, ஒரு பாட்டி "யோ, யோ" என்று தலையசைத்துக்கொண்டே இருந்தார். அவ்வூர் மக்களின் யோல்ங்கு மொழியில் அதற்கு ஆமாம் என்று பொருள். மாலையில் அவ்வூர் மருத்துவ நிலையத்தின் பூர்வகுடிச் சுகாதாரப் பணியாளர் என்னைத் தனியே அழைத்தார். "யாப்பா, அவர்கள் உன் ஆய்வுக்கு யோ சொல்லவில்லை. காலையிலிருந்து வெயிலில் நின்று பேசுகிறாளே என்று இரக்கப்பட்டுச் சொன்னார்கள்" என்றார். (யாப்பா என்றால் சகோதரி. அந்த உரிமையோடு சொன்னதால்தான் என்னால் அதைத் தாங்க முடிந்தது.)

அந்த 11 படிவங்களையும் பயன்படுத்தக் கூடாது என்று குழுத் தலைவரிடம் சொன்னேன். வாக்குவாதம் ஆனது. நான் இறங்கிவரவில்லை.

அடுத்த முறை படிவம் எடுத்துச் செல்லவில்லை. மொழிபெயர்ப்பாளர் ஒருவரோடு போனேன். அந்தக் கரையில் புளிய மரங்கள் நிற்கின்றன. வெள்ளையர் வருமுன்பே கடலட்டை தேடி இன்றைய இந்தோனேசியாவின் மக்காசரிலிருந்து வந்துபோன கடலோடிகள் விட்டுச்சென்றவை. அந்த நிழலில் மூன்று நாள் உட்கார்ந்திருந்தோம். மூன்றாம் நாள்தான் பாட்டி கேட்டார்: "என் இரத்தம் எந்த ஊரில் இருக்கும்? அதை யார் பார்த்துக்கொள்வார்கள்? நான் போன பிறகு அது எங்கே போகும்?" முதல் இரண்டுக்கும் பதில் வைத்திருந்தேன். மூன்றாவதற்கு எங்கள் ஆய்வுத் திட்டத்தில் ஒரு வரிகூட இல்லை.

ஆய்வக உதவியாளர், கான்பரா

அக்கா, அந்தப் பாட்டியின் கேள்விக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1960களிலிருந்து பூர்வகுடி ஊர்கள் பலவற்றில் எடுக்கப்பட்ட இரத்த மாதிரிகள் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தின் குளிர்பெட்டிகளில் பல பத்தாண்டுகள் கிடந்தன. கொடுத்தவர்கள் பலர் இறந்துபோனார்கள். இரத்தம் மட்டும் உறைந்து இருந்தது. உடலின் ஒரு பகுதி மண்ணுக்குத் திரும்பாமல் இருப்பது அவர்கள் குடும்பங்களுக்கு எப்பேர்ப்பட்ட துயரம்! பின்னர் பூர்வகுடியினரே பெரும்பான்மையாக உள்ள நிர்வாகக் குழுவின் கீழ் தேசியப் பூர்வகுடி மரபணுவியல் மையம் அமைந்தது. மையத்தினர் ஊர் ஊராகச் சென்று, வைத்திருக்கலாமா, திருப்பித் தரவேண்டுமா என்று கேட்டார்கள். 2019இல் ஆர்னம் லேண்டின் எல்கோ தீவிலுள்ள கலிவின்கு ஊருக்கு 200க்கும் மேற்பட்ட குப்பிகள் திரும்பின. இறந்தோரின் இரத்தத்தை ஊரார் சடங்கோடு அடக்கம் செய்தார்கள்.

நான் வேலை பார்த்த வேறோர் ஆய்வகத்துக்கு ஒருமுறை பூர்வகுடி மாணவி ஒருவர் வந்தார். குளிர்பெட்டிக்கு எதிரே வெகுநேரம் நின்றார். "இதுபோன்ற பெட்டி ஒன்றில் என் பாட்டி இருக்கலாம்" என்றார். அன்று நான் கையிலிருந்த மாதிரித் தட்டைக் கீழே வைத்துவிட்டேன்.

மருத்துவர், ஆலிஸ் ஸ்பிரிங்ஸ்

இங்கே இறந்தவரின் பெயரைச் சொல்ல மாட்டார்கள். அதே பெயர் கொண்ட உயிரோடிருப்பவரைக்கூடக் குமன்ஜாயி என்ற மாற்றுப் பெயரால் அழைப்பார்கள். சிறுநீரக ஆய்வு ஒன்றில், மறுபரிசோதனைக்கு வராதவர்களுக்கு நகரத்து அலுவலகத்திலிருந்து தொலைபேசியில் அழைப்பது வழக்கம். இறந்து சில வாரங்களே ஆன ஒருவரின் வீட்டுக்கு அழைத்து, முழுப் பெயரையும் சொல்லி, அவர் இருக்கிறாரா என்று மூன்று முறை கேட்டிருக்கிறார்கள். துக்க காலத்தில் இருந்த அவர் மனைவி தொலைபேசியைப் பேரனிடம் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டாராம். அழைத்தவர் மீது எனக்குக் கோபமில்லை. அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அந்தக் குடும்பத்திலிருந்து அதன்பின் ஒருவரும் ஆய்வுக்கு வரவில்லை.

இப்போது அழைக்கும் முன் ஊர் மருத்துவ நிலையத்தில் கேட்டுக்கொள்கிறோம். ஐந்து நிமிட வேலை.

தரவு அலுவலர், அடிலெய்ட்

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள். "உங்கள் தாய்க்கு நீரிழிவு உண்டா?" என்று வினாத்தாளில் இருந்தது. பாலைநிலத்து ஊர் ஒன்றில் ஒரு பெண் "எந்த அம்மாவுக்கு?" என்று கேட்டார். உடன் வந்தவர் அவருக்குக் கேள்வி புரியவில்லை என்று குறித்துக்கொண்டார். எனக்கு உடனே புரிந்தது. அம்மாவின் அக்கா நமக்குப் பெரியம்மா, தங்கை சின்னம்மா; இருவரும் அம்மாக்கள்தான். அத்தை ஒருநாளும் அம்மா ஆகமாட்டார். அவர்கள் உறவுமுறையும் இதே வழியில் போகிறது. இதைச் சொன்னதும் அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, என் அம்மாக்கள் எத்தனை பேர் என்று எண்ணச் சொன்னார். நான்கு பேர் என்றேன்.

"உங்களைப் பெற்ற அம்மா" என்று கேள்வியைத் திருத்தினோம். அதுவும் போதவில்லை. பெற்றோரிடமிருந்து அரசு பிரித்துக் கொண்டுபோன பிள்ளைகளின் தலைமுறையைச் சேர்ந்த முதியவர் ஒருவர், அந்த வரியைப் பார்த்ததும் பேனாவை வைத்துவிட்டார். நாடாளுமன்றத்தில் 2008 பிப்ரவரி 13 அன்று பிரதமர் மன்னிப்புக் கேட்டது இவர்களிடம்தான். குடும்ப நோய் வரலாறு என்ற கட்டம் அவருக்கு ஏன் வெறுமையாக இருக்கிறது என்பதை எங்கள் வினாத்தாள் யோசிக்கவே இல்லை.

முதுகலை மாணவர், மெல்பர்ன்

எல்லாம் சரி. ஆனால் எனக்குக் கிடைத்த உதவித்தொகை இரண்டு ஆண்டுகளுக்கு மட்டும். உறவை வளர்க்கவே ஓராண்டு போனால் ஆய்வை எப்போது முடிப்பது? உண்மையாகவே தெரியாமல்தான் கேட்கிறேன்.

மருத்துவச்சி, பிரிஸ்பேன்

தம்பி, நீங்கள் போய் உறவைத் தொடங்க வேண்டும் என்று ஏன் நினைக்கிறீர்கள்? ஊராரே நடத்தும் மருத்துவ நிலையங்கள் 1971இல் சிட்னியின் ரெட்ஃபெர்னில் தொடங்கி இன்று நாடெங்கும் இருக்கின்றன. அவர்களிடம் கேள்விகள் ஏற்கெனவே இருக்கின்றன. இங்கே பூர்வகுடியினரே நடத்தும் இரண்டு சுகாதார அமைப்புகள் ஒரு மகப்பேறு மருத்துவமனையோடு சேர்ந்து 2013இல் ஒரு மகப்பேற்றுச் சேவையைத் தொடங்கின. கர்ப்பம் முதல் பிள்ளை பிறந்த பிறகும் அதே மருத்துவச்சி, உடன் பூர்வகுடிக் குடும்பப் பணியாளர்கள். அதில் சேர்ந்த தாய்மாரிடம் குறைமாதப் பிரசவம் கணிசமாகக் குறைந்தது என்ற முடிவு 2021இல் ஆய்விதழில் வெளியானது. ஊர் தனக்காகக் கேட்ட கேள்வி அது. அத்தகைய ஒரு கேள்வியின் சிறு பகுதியை உங்கள் இரண்டு ஆண்டில் செய்யலாம். எது என்பதை அவர்கள் சொல்லட்டும்.

ஆய்வுச் செவிலியர், டார்வின்

எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். பாட்டியின் கதை எப்படி முடிந்தது என்று தனிச்செய்தியில் ஒருவர் கேட்டிருந்தார்.

ஆய்வுத் திட்டத்தைத் திருத்தி நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் பெற எட்டு மாதம் ஆயிற்று. கொடுத்தவர் இறந்தால் மாதிரியை என்ன செய்வது என்று குடும்பமே தீர்மானிக்கும் என எழுதினோம். அந்தத் தாளோடு அதே புளிய மரத்தடிக்குப் போனேன். மொழிபெயர்ப்பாளர் முழுவதையும் வாசித்துக் காட்டினார். பாட்டி நிதானமாகக் கேட்டுவிட்டு, "யாகா" என்றார். வேண்டாம் என்று பொருள். நான் தாளை மடித்துப் பையில் வைத்தேன்.

மறுநாள் தன் பேத்தியைக் கைபிடித்து எக்கோ பரிசோதனைக்கு அவரே அழைத்து வந்தார். வால்வு திறந்து மூடுவதைத் திரையில் பார்த்தபடி மொழிபெயர்ப்பாளரிடம் ஏதோ கேட்டார். அடுத்து நான் எப்போது வருவேன் என்று கேட்கிறாராம்.

மே மாதம் போகிறேன்.