நெட் இல்லாத ஆபீஸ் சிஸ்டத்துக்கு இன்ஸ்டாலர்: எங்கெங்கே மாட்டும்?

ஊத்துக்குளி வெண்ணெய்:
பனியன் கம்பெனி ஆபீஸ்ல தமிழ் பில்லை ஸ்கேன் பண்ணிப் படிக்கிற பைத்தான் புரோகிராம்னு வெச்சுக்குங்க. அங்கே நெட் இருக்காது. எல்லாமே ஒரே செட்டப் ஃபைலுக்குள்ள போயிரோணும்.

பைத்தான் கோடை இஎக்ஸ்இ-யா மாத்தற பைஇன்ஸ்டாலர்ல ஒன்ஃபைல் (எல்லாம் ஒரே இஎக்ஸ்இ) வேண்டாமுங்க, ஒன்டிர் (எல்லாம் ஒரே ஃபோல்டர்) போடுங்க. ஒன்ஃபைல் ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் டெம்ப் ஃபோல்டர்ல எல்லாத்தையும் விரிச்சுட்டுத்தான் ஓடும். பழைய ஹார்டு டிஸ்க்ல இழுக்கும், ஆன்டிவைரஸும் சந்தேகப்படும். யுபிஎக்ஸ்ங்கிற டூல் போட்டு இஎக்ஸ்இ-யைச் சுருக்குனா அந்தச் சந்தேகம் இன்னும் கூடும். ஒன்டிர் ஃபோல்டரை, செட்டப் ஃபைல் உண்டாக்கற இன்னோ செட்டப்ல குடுத்தா அதுவே நல்லாச் சுருக்கிக்கும்.

பைத்தான்ல இருந்து டெசராக்டைக் கூப்பிடற பைடெசராக்ட் வெறும் தரகன். எழுத்தைப் படிக்கிற டெசராக்ட் தனி இஎக்ஸ்இ; பைஇன்ஸ்டாலர் அதைத் தேடி எடுக்காது. அதையும் அதோட டிஎல்எல் துணை ஃபைல்களையும், டெஸ்டேட்டா ஃபோல்டர்ல தமிழ் டேட்டா ஃபைலையும் நாமதான் சேர்க்கோணும். பைஇன்ஸ்டாலர் 6-லிருந்து இதெல்லாம் 'இன்டர்னல்'ங்கிற உள் ஃபோல்டருக்குப் போயிரும். இஎக்ஸ்இ பக்கத்துலயே தேடற பழைய கோடு அங்கேதான் படுத்துக்கும்.

சென்னிமலை போர்வை:
விண்டோஸ் 7 சிஸ்டம் இருந்தா பைத்தான் 3.8-ஐத் தாண்டாதீங்க, 3.9 அதுல ஓடாது. சிஸ்டம் 32 பிட்னா 32 பிட் பைத்தான்லதான் பில்டு பண்ணோணும். அப்டேட்டே போடாத சிஸ்டம்னா பைத்தானுக்கு வேண்டிய யூனிவர்சல் சி ரன்டைம் இல்லைன்னு நிக்கும். அதைப் போடற விண்டோஸ் அப்டேட் கேபி2999226 ஃபைலைப் பென்டிரைவ்ல கையோட கொண்டு போங்க.

காங்கேயம் காளை:
இதையெல்லாம் விட மோசமானது யூசர் பேரைத் தமிழ்ல வெச்சிருக்கறது. 'முதலாளி'ன்னு பேர் வெச்சா யூசர் ஃபோல்டரும் அதே பேர்ல வரும், டெம்ப் ஃபோல்டர் அதுக்குள்ள உக்காந்துக்கும். பைத்தான் யூனிகோடுல சமாளிச்சுக்கும். பழைய பாணியில ஃபைல் திறக்கற சி லைப்ரரிக்குப் பாதை பூரா கேள்விக்குறியாத்தான் போகும். "சிஸ்டம் லொக்கேலை (மொழி செட்டிங்கை) தமிழுக்கு மாத்துங்க"ம்பாங்க, பிரயோசனமில்லைங்க. அந்த மாதிரி லைப்ரரி நம்பியிருக்கற எழுத்து அட்டவணை, அதாவது ஆன்சி கோடு பேஜ், விண்டோஸ்ல தமிழுக்குக் கிடையவே கிடையாது.

அதுக்கொசரம் புரோகிராமை புரோகிராம் ஃபைல்ஸ்லயும், டேட்டாவையும் தற்காலிக ஃபைலையும் புரோகிராம் டேட்டாவுலயும் வெச்சிருங்க. இன்னோ ஸ்கிரிப்ட்ல ஃபோல்டர்களை எழுதற டிர்ஸ் பகுதியில அந்த ஃபோல்டருக்கு 'யூசர்ஸ் மாடிஃபை' அனுமதி குடுக்கோணும். மறந்தா ஒருத்தர் லாகின்ல உண்டாக்குன ஃபைலை இன்னொருத்தர் லாகின்ல திருத்த முடியாது. விண்டோஸ் 10-ல 1903 வெர்ஷனோ அதுக்கு மேலயோன்னா, இஎக்ஸ்இ-க்குள்ள வெக்கிற மேனிஃபெஸ்ட்ங்கிற குறிப்புல ஆக்டிவ் கோடு பேஜை யுடிஎஃப்-8-ன்னு போடலாம். ஆனா டெசராக்ட் தனி இஎக்ஸ்இ ஆச்சே, உங்க மேனிஃபெஸ்ட் அதுக்குச் செல்லாது.

ஊத்துக்குளி வெண்ணெய்:
அது சரியான பாயின்டுங்க. இன்னொண்ணு: பில்டு பண்ண சிஸ்டத்துலயே சோதிக்காதீங்க. அங்கே ஏற்கெனவே டெசராக்ட் இருக்கும், நீங்க சேர்க்க மறந்ததை, விண்டோஸ் புரோகிராம்களைத் தேடற பாத்-ல இருந்து எடுத்து ஓட்டிக் காட்டிரும். விண்டோஸ் 10 புரோவுல சாண்ட்பாக்ஸ்ங்கிற தற்காலிகச் சோதனை விண்டோஸ் இருக்கு, மூடினா துடைச்சுப் போட்டுரும். அதுல நெட்டை அணைச்சுட்டு, தமிழ்ப் பேர் ஃபோல்டர்ல இருக்கற ஒரு பில்லைத் திறந்து பாருங்க.