உதவி: என்ட கணினியில சரியா வருது, ஏத்தினாப் பிறகு தமிழ் சிதையுது. மென்பொருளை விட்டிட்டுக் கையால எழுதுவமா?

வாவிப்பறவை (கல்லடி):

வணக்கம். மட்டக்களப்பு வாவியில பறவை பாக்கிறதும் படம் எடுக்கிறதும் என்ட பொழுதுபோக்கு. முகநூலில போடுற படம் ரெண்டு நாளில கீழ போயிரும், மறுகா தேடி எடுக்க ஏலா. அதால சொந்தமா ஒரு சின்னத் தளம் போடுவம் எண்டு வெளிக்கிட்டன். ஒரு பறவைக்கு ஒரு பக்கம். பேர், எங்க கண்டது, எந்த மாசம், ரெண்டு மூண்டு படம், அவ்வளவுதான். கூழைக்கடா, சங்குவளை நாரை, கரண்டிவாயன், நீர்க்காகம் எண்டு இப்ப ஒரு இருபது பக்கம் வரும்.

பெட்டியை இழுத்து வைச்சு வடிவமைக்கிற இலவச மென்பொருள் ஒண்டிலதான் செய்தது. லப்டொப்பில திறந்து பாத்தா நல்ல வடிவு. சேர்வரில ஏத்தினாப் பிறகுதான் கரைச்சல். தமிழ் முழுக்கச் சிதைஞ்சு, மேல கோடு போட்ட சின்ன ஆங்கில ஏ, வட்டத்துக்குள்ள ஆர், மறுகா இன்னொரு குறி எண்டு வரிவரியா அதே வருது. மீன்கொத்திப் பக்கத்தில மட்டும் வெறும் கேள்விக்குறி. படத்திலயும் சிலது வருது, சிலது வரல்ல. போனில பாத்தா முழுப்பக்கமும் சுருங்கி, விரலால பெருப்பிச்சாத்தான் வாசிக்கலாம்.

வேலை செய்யிற இடத்தில ஒரு தம்பி, "இதை விட்டிட்டு வேர்ட்பிரஸ் போடுங்க" எண்டுறார். கம்பஸில படிக்கிற மருமகன், "நோட்பேட் போதும் மாமா, கையால எழுதுங்க" எண்டுறார். எனக்கு எச்ரிஎம்எல் (இணையப்பக்கம் எழுதுற மொழி) தெரியாது, படிக்கப் பஞ்சியும் இல்ல. எந்தப் பக்கம் போறது?

சம்மாந்துறையான்:

அண்ணன், கையால எழுதுறதா மென்பொருளா என்ட கதையைப் பிறகு வெச்சிக்குவம். தமிழைப் பாப்பம் முதல்ல.

உங்கட பைல் யூரிஎப்-8 இலதான் இரிக்கு, எல்லா மொழி எழுத்தையும் சேமிக்கிற முறை அது. அதை உலாவி வேற முறையில வாசிக்குது. யூரிஎப்-8 இல தமிழ் எழுத்தும், அதோட சேருற கொம்பு, புள்ளி மாதிரிக் குறியும் ஒவ்வொண்டும் மூண்டு பைட். 'த' வுக்குக் கணினி எண்முறையில ஈ0, ஏஈ, ஏ4. பழைய விண்டோஸ்-1252 முறையில ஈ0 என்டா மேல கோடு போட்ட ஏ, ஏஈ என்டா வட்டத்துக்குள்ள ஆர். தமிழ் எழுத்து எல்லாமே ஈ0 இல தொடங்குறதாலதான் அந்த ஏ விடாம வருது. எழுத்து ஒண்டும் அழியல்ல, பயப்பட வேணாம்.

கேள்விக்குறி வந்த பக்கம் வேற சாதி. அது சேமிக்கிற நேரமே ஆன்சி என்ட பழைய முறையில சேமிச்சது. தமிழுக்கு அதில இடமில்ல, அதால எழுத்துக்குப் பதிலா உண்மையாவே கேள்விக்குறியை எழுதிப் போட்டிரிக்கு. அதை மீட்க ஏலா, திரும்ப அடிக்கத்தான் வேணும். மீன்கொத்தியைப் பழைய விண்டோஸ் மெசின் எதிலயும் திருத்திப் புதுப் பைலாச் சேமிச்சீங்களா? 2019 மேயில வந்த விண்டோஸ் 10 பதிப்புக்கு முந்தின நோட்பேட் புதுப் பைலைத் தானா ஆன்சியிலதான் சேமிக்கும்.

பக்கத்தின்ட ஹெட் என்ட தலைப்பகுதி தொடங்கின உடனே, எழுத்து முறையைச் சொல்ற மெட்டா சார்செட் யூரிஎப்-8 என்ட வரி இரிக்கா என்டு பாருங்க. (இங்க தமிழ் எழுத்தில சொல்றன், பைலில ஆங்கிலத்தில அடிங்க.) அது முதல் 1024 பைட்டுக்குள்ள இரிக்க வேணும் என்டது விதி.

வாவிப்பறவை:

ஓம் தம்பி, மீன்கொத்தியை மாத்திரம் ஒபிஸ் கணினியில திருத்தினது. ஆனா ஒண்டு விளங்கல்ல. வரி இல்லாட்டி என்ட லப்டொப்பிலயும் சிதைய வேணுமே? அங்க ஏன் வடிவா வருது?

சம்மாந்துறையான்:

கணினிக்குள்ள இரிக்கிற பைலை நேரே திறந்தா குரோமும் பயர்பொக்ஸும் பைலில இரிக்கிறதைப் பாத்து, "இது யூரிஎப்-8 தான்" என்டு தாங்களே கண்டுபிடிச்சிக்கும். இணையத்தில இருந்து வாற பக்கத்துக்கு அந்த உபகாரம் இல்ல. அங்க சேர்வர் சொல்ல வேணும், இல்லாட்டி பக்கம் சொல்ல வேணும். ரெண்டும் சொல்லாட்டி பழைய முறைக்குப் போயிரும். "என்ட மெசினில ஓடுதே" என்ட கதைக்குப் பாதிக் காரணம் இதுதான்.

ஐசிரி ரீச்சர் (திருக்கோவில்):

படங்களுக்கு நான் சொல்கிறேன் அண்ணா. உங்கள் கமரா படத்தின் பெயரைப் பெரிய எழுத்து ஜேபிஜி என்று வைத்திருக்கும். பக்கத்தில் நீங்கள் சின்ன எழுத்தில் அடித்திருந்தால் விண்டோஸுக்கு இரண்டும் ஒன்று. சேர்வர்கள் பெரும்பாலும் லினக்ஸ், அதற்கு இரண்டும் வேறு வேறு பைல். ஓ.எல் பிள்ளைகளின் செயற்றிட்டங்களில் வருடா வருடம் நான் திருத்துவது இதைத்தான். பெயர் எல்லாவற்றையும் சின்ன எழுத்துக்கு மாற்றுங்கள், இடைவெளி விடாதீர்கள், தமிழிலும் வைக்காதீர்கள்.

மாற்றிய பிறகும் வராத படம் இருந்தால் அந்தப் பக்கத்தைக் குரோமில் திறந்து, கன்ட்ரோலும் யூவும் அழுத்தி, படத்தின் முகவரி என்னவென்று பார்த்துச் சொல்லுங்கள்.

வாவிப்பறவை:

பேர் மாத்தினன், கனக்கப் படம் வந்திட்டு. நன்றி ரீச்சர். வராத நாலஞ்சில முகவரி "பைல்" எண்டு தொடங்கி, மறுகா சி, யூசர்ஸ், என்ட பேர், டெஸ்க்டொப் எண்டு போகுது. என்ட லப்டொப்பையே காட்டுது போல!

அந்த மெட்டா வரியைப் போட்டன். தமிழும் வந்தது. ஆனா மென்பொருளில திரும்பத் திறந்து ஒரு சொல் திருத்திச் சேமிச்சா வரியைக் காணல்ல. அது தன்ட பாட்டில திருப்பி எழுதுது.

கன்ட்ரோல் யூ போட்டுப் பாத்தா தலை சுத்துது. கூழைக்கடா எண்ட ஒரு தலைப்புக்கு முன்னால ஆறு டிவ், அதுக்குள்ள ரெண்டு ஸ்பான். ஒரு டிவ்வில "இடது 412 பிக்சல், மேல் 1180 பிக்சல்" எண்டு இருக்கு. இது என்ன கணக்கு?

ஐசிரி ரீச்சர்:

டிவ் என்றால் ஒரு பெட்டி. நீங்கள் அந்தப் பெட்டியை இழுத்து வைத்த இடம்தான் அந்தக் கணக்கு. இடப்பக்கத்திலிருந்து 412, மேலிருந்து 1180 என்று ஆணி அடித்து வைத்திருக்கிறது. போன் திரையின் அகலம் பெரும்பாலும் 360இலிருந்து 430 வரைதான், 412இல் தொடங்குகிற பெட்டிக்கு அங்கே எங்கே இடம்? அதனால் போன் முழுப் பக்கத்தையும் சுருக்கிக் காட்டுகிறது. இழுத்து வைக்கிற மென்பொருள் எல்லாமே இப்படி என்று சொல்லமாட்டேன். நல்லவை பெட்டிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக ஓடவிடும். உங்களுடையது அந்த வகை இல்லை.

வடமோடி:

இளசுகள் எல்லாம் மென்பொருளை ஏசுறீங்க, நான் அதுக்காக ஒரு சொல் கதைக்கிறன். படுவான்கரைப் பக்கம் அண்ணாவிமார்ட பழைய கூத்துக் கொப்பிகளைத் தட்டச்சடிச்சு ஒரு தளம் வைச்சிருக்கன். தொடங்கின காலம் பிரண்ட்பேஜ் எண்ட பக்கம் செய்யிற மென்பொருள். எனக்கு எச்ரிஎம்எல் ஒரு வரி தெரியாது. "முதல்ல படிச்சிட்டு வா" எண்டு ஆராவது சொல்லியிருந்தா அந்தத் தளமே வந்திராது. கையால எழுதுறன் எண்டு வெளிக்கிட்டு முகப்புப் பக்கத்தோட நிண்ட ஆக்களை நான் நிறையக் கண்டிருக்கன். பொழுதுபோக்குக்குச் செய்யிற ஆளுக்குப் பறவையா முக்கியம், டிவ்வா முக்கியம்?

2006 இல மைக்ரோசொப்ட் பிரண்ட்பேஜை நிப்பாட்டிச்சு. ஆனா அது எழுதித் தந்த பைல் வெறும் எச்ரிஎம்எல், இண்டைக்கும் எந்த உலாவியிலயும் திறக்கும். என்னைப் படுத்தினது பாமினி. அந்த எழுத்துரு இல்லாத கணினியில தரு, விருத்தம் எண்ட கூத்துப் பாட்டெல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாத் தெரிஞ்சது. யூனிகோட்டுக்கு மாத்த ஒரு கொம்பனிக்கும் காசு குடுக்கல்ல, பைல் என்ட கையில இருந்தது, எழுத்துரு மாத்திற கருவியில போட்டு எடுத்தன்.

தம்பி, மென்பொருளைப் பாவி. ஆனா அது பைலை உன்ட கையில தருதா எண்டு பார். இலவசமாப் பக்கம் வைக்க விட்ட ஜியோசிற்றீஸ் தளத்தை 2009 இல மூடின நேரம் இறக்கி வைக்காத ஆக்கள்ட பக்கங்கள் கைவிட்டுப் போச்சு.

கல்முனை மச்சான்:

வடமோடி ஐயா சொல்றது சரி, ஆனா இப்பத்தைய ஒன்லைன் கட்டுமானத் தளங்கள் கனதில அந்தப் பைல் வெளியே வராது. அவங்கட இடத்தில செஞ்சு, அவங்கட இடத்திலயேதான் இருக்கும். சொந்தப் பேர் போட வேணும் என்டா கட்டணம், அதுவும் டொலரில கார்ட்டில வெட்டும்.

வேர்ட்பிரஸ் நல்ல சாமான்தான், எங்கட விளையாட்டுக் கழகத்துக்கு அதுதான் வெச்சிருக்கன். எழுத நாலு பேர் இருக்காங்க, கிழமைக்கு ஒரு செய்தி வரும், அதுக்குச் சரி. ஆனா அதுக்குப் பின்னால பிஎச்பி, தரவுத்தளம், பிளகின் எல்லாம் இருக்கு, விடாம அப்டேட் பண்ண வேணும். விட்டா ஹெக் பண்ணிருவான். ஒரு ஆள், இருபது பறவை, மாசத்துக்கு ஒரு மாற்றம் என்டா, மீன் ஒண்டு வாங்க லொறி பிடிச்ச கதை.

வாவிப்பறவை:

அப்ப கையாலதான் எண்டுறீங்க?

ஐசிரி ரீச்சர்:

ஒரு பக்கம் மட்டும் கையால். மற்றப் பத்தொன்பதும் அதன் கொப்பி. உங்கள் பக்கங்கள் எல்லாம் ஒரே அச்சு என்பதால்தான் இதைச் சொல்கிறேன். வடமோடி ஐயாவின் தளம் மாதிரி ஒவ்வொரு கூத்தும் ஒவ்வொரு அமைப்பில் இருந்தால் வேறு மாதிரிச் சொல்லியிருப்பேன்.

மேலே டொக்டைப் எச்ரிஎம்எல். எச்ரிஎம்எல் குறியில் லாங் என்பதற்கு ரிஏ, அதாவது தமிழ். ஹெட்டுக்குள் முதலில் அந்த மெட்டா சார்செட். அதற்குக் கீழே மெட்டா வியூபோர்ட், அதில் அகலம் என்ற இடத்தில் டிவைஸ்-விட்த். போன் பிரச்சினைக்கு மருந்து இந்த வரி, ஆணி அடித்த பெட்டிகள் போனால்தான் வேலை செய்யும். பிறகு தலைப்பு, பிறகு தோற்றத்தைச் சொல்கிற ஒரு ஸ்டைல் பைலுக்கு இணைப்பு. பொடி என்ற உடற்பகுதிக்குள் பறவையின் பெயர் எச்1, விவரம் பி, படம் ஐஎம்ஜி. டிவ் ஒன்றுகூடத் தேவையில்லை.

ஸ்டைல் பைலில் மூன்று விடயம் போதும். பக்கத்தின் அதிகபட்ச அகலம் 40 ஈஎம் (ஈஎம் என்பது எழுத்தின் அளவு). படத்தின் அதிகபட்ச அகலம் நூறு வீதம், உயரம் ஓட்டோ. வரி உயரம் 1.7. கடைசியாகச் சொன்னதை விட்டுவிடாதீர்கள். ஆங்கிலத்துக்கு வைக்கிற இடைவெளியில் தமிழைப் போட்டால் மேல்வரியின் ஊகாரக் கால் கீழ்வரியின் ஈகாரத்தில் இடிக்கும். இரண்டு ஓரமும் நேராக வரவேண்டும் என்று ஜஸ்டிபையும் கொடுக்க வேண்டாம். எங்கள் சொற்கள் நீளம், போன் திரையில் நடுவில் குளம் குளமாக இடம் விடும்.

படத்தைக் கமராவில் இருந்து எடுத்தபடி ஏற்றாதீர்கள். 1200 பிக்சல் அகலத்துக்குக் குறைத்தால் பெரும்பாலும் சில நூறு கிலோபைட்டில் முடிந்துவிடும். பார்க்கிறவர் டேட்டா கார்ட் போட்டுத்தான் பார்க்கிறார்.

வடமோடி:

ரீச்சர் சொல்றது எனக்கே விளங்குது. ஆனா தம்பி, பழைய மென்பொருள் பக்கத்தில இருந்து எழுத்தைக் கொப்பி பண்ணி ஒட்டுற நேரம் முதல்ல வெறும் நோட்பேட்டில ஒட்டி எடு. வேர்ட்டில இருந்து நேரே ஒட்டினா குப்பை எல்லாம் பின்னாலயே வரும்.

வாவிப்பறவை:

கூழைக்கடாப் பக்கம் கையால எழுதி முடிச்சன். மருமகன் பக்கத்தில இருந்து பாத்தார், தொடல்ல. முழுப் பைலும் மூண்டு கிலோபைட்! மென்பொருள் எழுதின பழைய பக்கம் படமில்லாமலே அதுக்கு எத்தனையோ மடங்கு. போனிலயும் வாசிக்க ஏலும், தமிழும் சரி. மற்றதுகளையும் ஒவ்வொண்டா மாத்துறன்.

ஒரு சந்தேகம். ஒவ்வொரு பக்கத்திலயும் இடப்பக்கம் எல்லாப் பறவைட பேரும் பட்டியலா வைச்சிருந்தன். இப்ப புதுசா ஒரு பறவை வந்தா இருபது பைலையும் திறக்க வேணுமே. கையால எழுதுறதில இது பெரிய கரைச்சல் இல்லையா?

சம்மாந்துறையான்:

கரைச்சல்தான், மறைக்க ஒண்டுமில்ல. கையால எழுதுற தளம் கனக்கச் செத்துப் போற இடம் அதுதான். ரெண்டு வழி இரிக்கு. பட்டியலை முகப்புப் பக்கத்தில மட்டும் வைங்க, மற்றப் பக்கத்தில "முகப்பு" என்டு ஒரே ஒரு இணைப்பு போதும். பறவை கூடினா முகப்பில ஒரு வரி கூடும், அவ்வளவுதான். எல்லாத்திலயும் ஒரே சொல்லை மாத்த வேணும் என்டா நோட்பேட் பிளஸ் பிளஸ்ஸில முழுப் போல்டரிலயும் தேடி மாத்துற வசதி இரிக்கு. மாத்த முன்ன போல்டரை ஒரு கொப்பி எடுத்து வைங்க.

நூறு பறவைக்கு மேல போனா, வார்ப்புருவையும் எழுத்தையும் தனித்தனியா வெச்சு பக்கங்களைத் தானா உண்டாக்கித் தாற சாமான்கள் இரிக்கு. அப்ப அதைக் கதைப்பம்.

கல்முனை மச்சான்:

அண்ணன், பறவைச் சத்தமும் போடுவீங்களா? கல்லடிப் பாலத்தடியில பாடும் மீன் சத்தம் பதிஞ்சு வெச்சிருந்தா அதையும் போடுங்க, நாங்க கேட்டதே இல்ல 😄

வாவிப்பறவை:

பாடும் மீனுக்குப் பூரணைக்குத் தோணியில போய் இருக்க வேணும் மனே, பாப்பம். செம்பருந்து சத்தம் போனில இருக்கு. அதை எப்படிப் போடுறது ரீச்சர்?

ஐசிரி ரீச்சர்:

எம்பி3 ஆக மாற்றி, ஓடியோ குறியில் போடுங்கள். கூடவே கன்ட்ரோல்ஸ் என்ற சொல், அப்போதுதான் அழுத்துகிற பொத்தான் வரும். பிரீலோட் என்பதற்கு நன் (ஒன்றுமில்லை என்ற ஆங்கிலச் சொல்) கொடுங்கள், அழுத்தாதவரை டேட்டா போகாது. ஓட்டோபிளே மட்டும் வேண்டாம். வகுப்பில் ஒரு பிள்ளை அதைப் போட்டு, ஆய்வுகூடத்தில் இருந்த எல்லாக் கணினியும் ஒரே நேரத்தில் கத்தியது. பைலின் பெயர் சின்ன எழுத்தில்.