ஏஐ வந்த பிறகும் ஏர்டேபிளுக்கு டாலர் கட்ட வேண்டுமா?

டர்பன்_குமரன்:
1860 முதல் 1911 வரை இந்தியாவிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் 1,52,184 பேர். அதில் நம் பக்கத்துக் குடும்பங்களின் கப்பல் பட்டியலை ஏர்டேபிள் என்ற இணைய அட்டவணைத் தளத்தில் ஏற்றிக்கொண்டிருக்கிறோம். இலவசக் கணக்கில் ஒரு பேஸுக்கு (அட்டவணைகளின் ஒரு தொகுப்பு) 1,000 வரிசைதான். அதற்கு மேல் போனால் திருத்துகிற ஒவ்வொருவருக்கும் மாதாமாதம் டாலர். ரேண்டில் கணக்குப் போட்டால் தலை சுற்றுகிறது. வாயால் சொன்னாலே ஏஐ முழு ஆப்பையும் எழுதித் தருகிறதே, இனி கோடு எழுதாமல் ஆப் கட்டுகிற இந்த நோகோட் தளங்கள் எதற்கு?

சாட்ஸ்வர்த்_மீனா:
எழுதித் தரும், சரி. அப்புறம் யார் பார்த்துக்கொள்வது அண்ணா? 2025 ஜூலையில் ஆப் எழுதித் தரும் ரெப்ளிட் தளத்தின் ஏஐ, எதையும் தொடாதே என்று சொல்லியிருந்தும் தொழில்முனைவோர் ஜேசன் லெம்கினின் டேட்டாபேஸை அழித்தது. மீட்கவே முடியாது என்று வேறு சொன்னது. பார்த்தால் மீட்க முடிந்தது!

டர்பன்_குமரன்:
அந்த ஒரு கதையையே எத்தனை நாள் சொல்வீர்கள்? அதற்குப் பிறகு ரெப்ளிட் சோதனை டேட்டாபேஸையும் நிஜ டேட்டாபேஸையும் பிரித்துவிட்டது. ஏர்டேபிளே 2025இல் ஆம்னி என்று ஒரு ஏஐயைக் கொண்டுவந்து, பேசியே ஆப் கட்டலாம் என்கிறது. திரையில் பெட்டி பெட்டியாக இழுத்து வைத்து ஆப் கட்டுகிற காலம் போச்சு என்று அவர்களுக்கே தெரிந்திருக்கிறது.

ஜோபர்க்_செல்வா:
பெட்டி போகட்டும், அட்டவணை போகாது. எங்கள் பட்டியலில் நடந்ததைச் சொல்கிறேன். மூன்சாமி, முனிசாமி, முனுசாமி என்று வெள்ளைக்கார குமாஸ்தா காதில் விழுந்தபடியெல்லாம் எழுதிவைத்திருக்கிறான். ஒரே ஆளை இணைத்துக் கொடு என்றதும் ஏஐ சளைக்காமல் இணைத்தது. அதில் இருவர் ஒரே கப்பல், ஒரே வயது. ஆனால் அப்பா பெயர் வேறு, காலனி எண் (ஒவ்வொரு கூலிக்கும் அரசு கொடுத்த எண்) வேறு. கண்டுபிடித்தது யார் தெரியுமா? டைப் செய்கிற எங்கள் ஆயா. கோடு என்றால் என்னவென்றே அவருக்குத் தெரியாது, ஆனால் வரிசை கண்முன் இருந்தது. திருத்த வரலாற்றைத் திறந்து பழையபடி ஆக்கிவிட்டார். ஏஐ எழுதிய தனி ஆப்பில், நீங்கள் கேட்டுச் செய்யச் சொல்லியிருந்தால்தான் அந்த வரலாறே இருக்கும். கேட்க வேண்டும் என்று எத்தனை பேருக்குத் தோன்றும்?

டர்பன்_குமரன்:
நல்ல பாயிண்ட். ஆனால் அட்டவணைக்கு ஏர்டேபிள்தான் வேண்டுமா? அதே மாதிரி அட்டவணை மென்பொருள்களான பேஸ்ரோ, நோகோடிபி இரண்டையும் நம் சர்வரிலேயே போடலாம். நிறுவுகிற வேலையை ஏஐயிடம் விட்டுவிடலாம்.

சாட்ஸ்வர்த்_மீனா:
இறந்தவர்கள் பெயர் எங்கே இருந்தாலும் பரவாயில்லை. அதே பேஸில் பேரன் பேத்திகளின் போன் நம்பர் இருக்கிறதே! போப்பியா என்ற நம் நாட்டுத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் உயிரோடிருப்பவர்களின் தகவலுக்குத்தான். 2021 ஜூலை 1 முதல் கண்டிப்பாக அமலில் இருக்கிறது. கசிந்தால் ஏஐயையா விசாரிப்பார்கள்? முதலில் நம்பர்களைத் தனிப் பேஸுக்கு மாற்றுங்கள்.

டர்பன்_குமரன்:
மாற்றுகிறேன். டாலர் கட்ட மாட்டேன்.

ஜோபர்க்_செல்வா:
சர்வர் வாடகை மட்டும் சும்மாவா வருகிறது அண்ணா?