இரண்டு நாள் பட்டறை முடிந்து வேன் போன பிறகு

பனிமூட்டம்:
நம் பக்கத்து நாடகப் பள்ளி ஒன்று அடுத்த வருடத் திட்டத்தை அறிவித்திருக்கிறது. பெயர் வேண்டாம், யாரையும் திட்டுவது என் நோக்கம் இல்லை. அவர்களுக்கு இரண்டு வேலை. ஒன்று, சனி ஞாயிறுகளில் இலங்கை மலையகத்து ஹட்டன் டவுனில் நடக்கும் ஒரு வருடப் பயிற்சி. மற்றது, தேயிலைத் தோட்டம் தோட்டமாகப் போய் வைக்கும் இரண்டு நாள் பட்டறை. கிடைக்கிற பணத்தில் பெரும்பகுதி பட்டறைக்குத்தான் போகிறது. அதை நிறுத்திவிட்டுப் பயிற்சிக்குக் கொடுங்கள் என்பது என் கட்சி.

நான் மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டம். எங்கள் டிவிஷனுக்கு, அதாவது தோட்டத்தில் எங்கள் பிரிவுக்கு, இந்தப் பட்டறை மூன்று தடவை வந்துவிட்டது. மூன்று தடவையும் அதே கண்ணாடி விளையாட்டு, அதே "பேரைச் சொல்லிக்கொண்டே ஒரு சைகை செய்யுங்கள்". கடைசியாக வந்த தம்பி ஒருவர் கொழுந்து பறிப்பதை நடித்துக் காட்டச் சொன்னார். யாரிடம்? முப்பது வருடம் மலை ஏறி இறங்கிய அம்மாக்களிடம். முதலில் அவரே செய்தும் காட்டினார், ஒற்றைக் கையால். எங்கள் அத்தை எழுந்து, "ரெண்டு கையாலயும் பறிக்கணும் தம்பி, இப்படிப் பறிச்சா அரைப்பேர்தான் விழும்" (பேர் என்றால் ஒரு நாள் கூலி) என்றதும் கொழுந்து நிறுக்கிற மடுவமே சிரித்தது. அந்த இரண்டு நாளில் நடந்த நல்ல நாடகம் அது ஒன்றுதான்.

மாலையில் சான்றிதழ், குழுப்படம், வேன். அப்புறம் ஒரு தொலைபேசி அழைப்புகூட இல்லை.

இதே பணத்தில் தோட்டத்துப் பிள்ளைகள் நாலு பேருக்குப் பஸ் காசும் மாதம் ஒரு சிறு தொகையும் கொடுத்தால் ஒரு வருடம் முழுக்கப் படிப்பார்கள். இப்போது அந்த வகுப்பில் இருப்பவர்கள் எல்லாம் டவுனில் வீடுள்ளவர்கள். பொகவந்தலாவையிலிருந்து வருகிற பிள்ளை மாலை பஸ்ஸை விட்டால் என்ன செய்யும் என்று திட்டம் போடுகிறவர்கள் யோசித்ததுண்டா?

அரங்காடி:
அந்த ஒற்றைக் கைத் தம்பி நான்தான். அந்தப் பள்ளியின் வெளிக்களக் குழுவில் இரண்டு வருடமாக இருக்கிறேன். கொழுந்து விஷயத்தில் அத்தையிடம் தோற்றுவிட்டேன். மற்றதில் தோற்க நான் தயாராக இல்லை.

அக்கா, பட்டறை நடிகர்களை உருவாக்க வருவதில்லை. பயிற்சி வேறு, பட்டறை வேறு. பிரேசில்காரர் அகஸ்தோ போவால் 1970களில் பெருவில் வேலை செய்தபோது, தான் சொன்னதை நடிகர்களால் சரியாகச் செய்ய முடியவில்லை என்று பார்வையாளர் பெண் ஒருத்தி தானே மேடையேறிச் செய்து காட்டினாராம். நாங்கள் தோட்டத்தில் செய்யும் அரங்கு அங்கிருந்து வந்ததுதான். பிரச்சினை ஒன்றை நடிப்போம், பார்க்கிறவர் நிறுத்தி உள்ளே வந்து மாற்றலாம். கூட்டம் போட்டால் வாயே திறக்காத ஒருத்தி அன்றைக்குத் திறக்கிறாள். அதற்கு ஒரு வருடப் படிப்பு தேவையில்லை.

இன்னொன்று. டெல்லி தேசிய நாடகப் பள்ளி 1959ல் தொடங்கியது, மூன்று வருடப் படிப்பு. அவ்வளவு பெரிய இடமே வளாகத்துக்குள் மட்டும் இருந்தால் போதாது என்று வெளியூர்ப் பட்டறைகளை 1978ல் ஆரம்பித்தது. 1989ல் பிள்ளைகளுக்கென்று கல்வி அரங்கக் குழு ஒன்றையும் தனியாக வைத்தது. நாம் மட்டும் ஹட்டனில் கதவைச் சாத்திக்கொண்டு பதினைந்து பேருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டுமா?

பனிமூட்டம்:
தம்பி, கணக்கை நீங்களே எனக்குச் சாதகமாகப் போட்டுவிட்டீர்கள். 1959 எங்கே, 1978 எங்கே? பத்தொன்பது வருடம் ஆட்களைப் பழக்கிவிட்டு அப்புறம் வெளியே போனார்கள். நீங்கள் முதல் அணி படிப்பை முடிக்கும் முன்பே தோட்டத்துக்கு வந்துவிட்டீர்கள். ஒற்றைக் கையோடு.

மாசிப்பறை:
இரண்டு பேரும் எங்கள் தோட்டத்தில் நாடகமே இல்லாத மாதிரிப் பேசுகிறீர்கள்.

மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையில் எங்கள் டிவிஷனில் காமன் கூத்துக்குக் கம்பம் நட்டுக் காமன் ஊன்றுவார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு இரவும் ஆட்டம். பகலில் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிய ஆள் இரவில் மதன். அவனுடைய ரதி தொழிற்சாலையில் வேலை செய்கிறவன். தூதன் வருவான், வீரபத்திரன் வருவான், எமன் வந்தால் சின்னப் பிள்ளைகள் அம்மா சேலைக்குள் ஒளிந்துகொள்ளும். கடைசி இரவு மதன் எரிந்த பிறகு ரதி புலம்புகிறபோது பாருங்கள், தன் வீட்டு இழவுக்கு அழுகிற மாதிரிச் சனம் அழும். எங்கள் அப்பா இருபது வருடம் கூத்து வாத்தியார். தப்புப் பறை இந்த இடத்தில் நின்று அந்த இடத்தில் விழ வேண்டும் என்பதை அவர் எழுதி வைத்ததில்லை. ரதிக்கு ஆடுகிற பையன் காப்புக் கட்டி விரதம் இருப்பான், பாட்டு முழுக்க மனப்பாடம். இதெல்லாம் பயிற்சி இல்லையா? எங்களுக்கு வந்து "உடம்பைத் தளர்த்துங்கள், மூச்சை வயிற்றிலிருந்து எடுங்கள்" என்கிறார்கள். பதினைந்து இரவு ஆடுகிறவனுக்கு!

1960களில் பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் என்ன செய்தார்? மட்டக்களப்பிலிருந்து அண்ணாவியாரை வரவழைத்துப் பல்கலைக்கழக மாணவருக்குக் கூத்துப் பழக்கினார். தெரிந்தவரைத் தேடிப் பள்ளிக்கூடம் போனது. அதே பேராதனைக்கு மேலே ஹந்தானையில் நம் லயங்கள், அதாவது தோட்டத்து வரிசை வீடுகள், இருந்தன, நம் ஆட்களை யாரும் கூப்பிடவில்லை, அது வேறு கதை. இன்றைக்காவது கூப்பிடலாமே. பட்டறையும் வேண்டாம், படிப்பும் வேண்டாம், வாத்தியார்மாருக்குச் சம்பளம் கொடுத்து ஹட்டனுக்குக் கூட்டிப் போங்கள்.

குளிர்காற்று:
நாடகம் படித்தால் வேலை கிடைக்குமா? கம்ப்யூட்டர் பட்டறை வையுங்கள், பிள்ளைகளாவது பிழைக்கும்.

கொழுந்துக்கூடை:
குளிர்காற்றுக்கு: எனக்குக் கிடைத்தது. பாடசாலையில் நாடகமும் அரங்கியலும் கற்பிக்கிறேன், மாதச் சம்பளம் வருகிறது. அதைப் படிக்க ஹட்டனிலிருந்து மட்டக்களப்பு விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகத்துக்குப் போனேன். பட்டப்படிப்பாக நாடகத்தைத் தமிழில் படிக்க வேண்டுமென்றால் நம் பிள்ளை மட்டக்களப்புக்கோ யாழ்ப்பாணத்துக்கோதான் போக வேண்டியிருக்கிறது.

மாசிப்பறை அண்ணா, உங்களோடுதான் எனக்குச் சண்டை. உங்கள் ரதி ஆம்பிளை. உங்கள் எமன் ஆம்பிளை. மதனை எரிப்பவனும் அழுபவனும் ஆம்பிளை. நாங்கள் ஆரத்தி எடுத்தோம், சோறு பொங்கினோம், ஓரத்தில் உட்கார்ந்து அழுதோம். பன்னிரண்டு வயதில் ரதியின் பாட்டு முழுக்க எனக்கு வரும். ஒரு நாள் களத்தில் நின்று பாடினேன் என்பதற்காகப் பெரியவர் ஒருவர் அம்மாவைக் கூப்பிட்டுப் பேசினார், என்னைக்கூட இல்லை. நான் முதன்முதலாக நாலு பேர் முன்னால் நின்றது இந்த மாதிரி ஒரு இரண்டு நாள் பட்டறையில்தான். அதே கண்ணாடி விளையாட்டு. எதிரே நின்ற பையன் நான் கையைத் தூக்கினால் தூக்க வேண்டும், இறக்கினால் இறக்க வேண்டும். என் கைக்கு ஒரு ஆள் கட்டுப்பட்டு நின்றது அன்றைக்குத்தான். பனிமூட்டம் அக்காவுக்கு அது சலித்துப்போன விளையாட்டு. எனக்கு அப்படி இல்லை.

தப்பைப் பற்றியும் கொஞ்சம் பேசலாம். அடிக்கிறவர் யார், அடித்து முடிந்ததும் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார்? அதுவும் அந்தப் பள்ளிக்கூடத்துப் பாடம்தான்.

மாசிப்பறை:
தங்கச்சி, தப்பு விஷயத்தில் எனக்குப் பதில் இல்லை. அப்பா காலத்தில் இருந்தது இப்போது அப்படியே இல்லை என்று சொல்லலாம், ஆனால் முழுக்கப் போய்விட்டது என்று சொன்னால் பொய்.

பெண் பிள்ளைகள் ஆடுவதைப் பற்றி: விரதம், காப்பு, சடங்கு என்று இருக்கிறது. அது வெறும் நாடகம் இல்லை. நாளைக்கே மாற்று என்றால் மாறாது.

கொழுந்துக்கூடை:
நாளைக்கு வேண்டாம் அண்ணா. மாசிக்கு இன்னும் நாள் இருக்கிறது.

பனிமூட்டம்:
கூடைத் தங்கச்சி சொன்னது என்னைக் கொஞ்சம் உலுக்கியது. சரி, முதல் பட்டறைக்கு ஒரு மதிப்பு இருக்கிறது. இரண்டாவது, மூன்றாவது வருகைக்கு என்ன மதிப்பு? உங்களுக்கு அப்புறம் மட்டக்களப்பு கிடைத்தது. எங்கள் டிவிஷனில் அன்றைக்கு வாய் திறந்த பிள்ளைகளுக்கு என்ன கிடைத்தது?

இன்னொரு விஷயம், அரங்காடித் தம்பி நேராகப் பதில் சொல்ல வேண்டும். அன்றைக்கு நீங்கள் போட்ட நாடகம் குடிகார அப்பன். எப்போதும் குடிகார அப்பன்தான். தோட்டத்தைப் பற்றி நாடகம் என்றால் ஒரு போத்தல், ஒரு அடி, அழுகிற பிள்ளை. நடுவில் எங்கள் லயத்து அக்கா ஒருவர் நிறுத்தி உள்ளே வந்தார். புருஷனோடு பேசவே இல்லை. மூலையில் இருந்த வாளியைத் தூக்கி நடுவில் வைத்து, "இது தராசு, நீ கணக்கப்பிள்ளை" என்று உங்கள் நடிகரை நிற்க வைத்தார். நிறுக்கிற இடத்தில் தண்ணீருக்கும் சாக்குக்கும் என்று கொழுந்தில் கிலோ வெட்டுவதை அப்படியே நடித்தார். "இவன் இங்க வெட்டுறான், அவன் அங்க குடிக்கிறான், ரெண்டையும் சேர்த்துப் போடு" என்றார். உங்கள் போவால் சொன்ன பெண் வந்துவிட்டார், தம்பி! நீங்கள் என்ன செய்தீர்கள்? "நேரமாகிவிட்டது, நல்ல பங்களிப்பு, கைதட்டுங்கள்."

அரங்காடி:
இதற்குப் பதில் எழுத ஒரு நாள் எடுத்தேன்.

நடந்தது நீங்கள் சொன்ன மாதிரிதான். எனக்குப் பயம். நிர்வாகத்தின் அனுமதியோடு மடுவத்தில் நடக்கிற நிகழ்ச்சி, பின்வரிசையில் உத்தியோகத்தர் ஒருவர் நின்றார். அதைவிட, அந்தத் திட்டத்தின் தலைப்பு குடும்ப வன்முறை. தலைப்பைக் காசு கொடுப்பவர் முடிவு செய்கிறார், நாங்கள் அதற்குள் நாடகம் செய்கிறோம். அறிக்கையில் "பெண் ஒருவர் துணிந்து தலையிட்டார்" என்று எழுதினேன். தராசை எழுதவில்லை.

ஆனால் இதிலிருந்து பட்டறையை நிறுத்து என்ற முடிவுக்கு எப்படி வருகிறீர்கள்? நான் வகுப்பறையில் படித்ததில் தராசு இல்லை. அந்த அக்காதான் கொண்டு வந்தார். தோட்டத்துக்குப் போகாவிட்டால் குடிகார அப்பனை இன்னும் பத்து வருடம் டவுனில் நன்றாக நடித்துக்கொண்டிருப்போம்.

கொழுந்துக்கூடை:
அப்படியென்றால் தங்குங்கள். இரண்டு நாளில் ஓடுகிறவரைத்தான் பயம் பிடிக்கும். சிங்கள, தமிழ் நடிகர்கள் சேர்ந்த மக்கள் களரிக் குழு ஓர் ஊரில் கூடாரம் போட்டுத் தங்கித்தான் வேலை செய்தது. யாழ்ப்பாணத்தில் குழந்தை ம. சண்முகலிங்கம் 1978ல் நாடக அரங்கக் கல்லூரி தொடங்கினார். அவரே ஓர் ஆசிரியர், பாடசாலைப் பிள்ளைகளுக்கு விடாமல் நாடகம் எழுதினார். வந்து போகிற ஆள் இல்லை. தோட்டப் பாடசாலை ஒவ்வொன்றிலும் ஓர் ஆசிரியரைப் பிடித்து அந்த ஒரு வருடப் பயிற்சியைக் கொடுங்கள். வேன் போன பிறகும் அந்த ஆள் அங்கேயே இருப்பார்.

நேரத்தையும் மாற்றுங்கள். சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பட்டறை என்றால் யார் வருவார்? 1000 ரூபாய் நாட்சம்பளத்துக்கு எத்தனை வருடம் கத்தினோம், 2021ல்தான் வந்தது. அப்படிக் கத்தி வாங்கும் சம்பளத்தில் ஒரு பேரை விட்டுவிட்டுக் கண்ணாடி விளையாட்டுக்கு வருவாளா ஒருத்தி? அதனால்தான் உங்கள் குழுப்படத்தில் எப்போதும் பிள்ளைகளும் கிழவிகளும்.

பனிமூட்டம்:
ஆசிரியருக்குக் கொடுத்தால் அவர் இடமாற்றம் வாங்கிக்கொண்டு போவார். நான் சொன்ன நாலு பிள்ளைகள் என்றால் தோட்டத்துப் பிள்ளைகள்.

கொழுந்துக்கூடை:
பிள்ளைகள் மட்டும் போகாதா அக்கா? பதினெட்டு வயதில் கொழும்பில் கடைக்கு.

பனிமூட்டம்:
அதுவும் சரிதான். ஆனால் நாலில் ஒருத்தி நிற்பாள். அந்த ஒருத்திக்காகத்தான் கேட்கிறேன்.

அரங்காடி:
நேற்றுப் பள்ளியில் பேசினேன். பண ஒதுக்கீட்டை மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை, அந்தச் சண்டையை நீங்கள் தொடரலாம். என் கையில் இருப்பது ஒன்றுதான்: வகுப்பின் களப்பயிற்சி எங்கே நடக்க வேண்டும் என்பதை நான் சொல்லலாம். மாசிப்பறை அண்ணா, வரும் மாசியில் மூன்றாம் பிறையிலிருந்து கடைசி இரவு வரை எங்கள் மாணவர் ஆறு பேர் உங்கள் டிவிஷனில் தங்கலாமா? சொல்லிக் கொடுக்க இல்லை. உங்கள் அப்பா என்ன வேலை கொடுக்கிறாரோ அதைச் செய்ய. அவருக்கு வகுப்பு ஆசிரியருக்குக் கொடுக்கிற அதே தொகை. ஆறில் மூன்று பேர் பெண் பிள்ளைகள், முன்பே சொல்லிவிடுகிறேன்.

மாசிப்பறை:
அப்பாவிடம் கேட்டேன். தங்கலாம் என்றார். பெண் பிள்ளைகள் என்றதும் வெற்றிலையை மென்றுகொண்டே கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "பாட்டுக்கு நிக்கட்டும், வேஷம் பிறகு பாப்போம்" என்றார். இதுவே எனக்கு ஆச்சரியம். தொகையைப் பற்றிக் கேட்கவே இல்லை, நான் கேட்பேன்.

கொழுந்துக்கூடை:
பாட்டுக்கு நிற்க ஏழாவதாக ஒரு ஆள் வரலாமா? ரதி பாட்டு இன்னும் மறக்கவில்லை.

பனிமூட்டம்:
எங்கள் அத்தையும் வருவாளாம். கொழுந்து பறிக்கச் சொல்லிக் கொடுக்க.

மாசிப்பறை:
வரட்டும். பகலில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிற பிள்ளை மடுவம் இராத்திரியில் காலி, அங்கே படுக்கலாம். கம்பளி ஆளுக்கு இரண்டு கொண்டு வரச் சொல்லுங்கள், மாசிப் பனி டவுன் பிள்ளைகளுக்குத் தாங்காது. ஒற்றைக் கைத் தம்பி மூன்று.