உச்சந்தலையில முடி மெலியுது: எந்த மருந்துக்கு ஆதாரம் இருக்கு?

கார்த்தி, திருப்பூர்:
வயசு 27. ரெண்டு வருஷமா உச்சந்தலையில முடி மெலிஞ்சுட்டே வருது. அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் வழுக்கை. ஒரு கிளினிக்ல ஆறு தடவை பிஆர்பி ஊசி (நம்ம ரத்தத்தையே எடுத்துப் பிரிச்சு தலையில போடுறது) போட 48,000 ரூபாய் கேட்கிறாங்க. அம்மா சின்ன வெங்காயச் சாறு தேய்க்கச் சொல்றாங்க. எதை நம்புறது?

இளங்கோ:
தம்பி, பணம் கட்டுறதுக்கு முன்னாடி ஒண்ணு கேளுங்க. மருந்து எடுக்காதவங்களுக்கு அதே காலத்துல என்ன ஆச்சு? நான் 34 வயசுல இதைக் கேட்காம எட்டு மாசம் ஒரு மூலிகை எண்ணெய்க்குக் கொட்டிக் கொடுத்தேன்.

பரம்பரை வழுக்கைக்குக் கொடுக்கிற ஃபினாஸ்டிரைடு 1 மி.கி. மாத்திரையை 18லிருந்து 41 வயசு வரைக்கும் உள்ள 1,553 ஆண்கள்கிட்ட சோதிச்சாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு முடி எண்ணிக்கை குறையாதவங்க, மருந்து சாப்பிட்டவங்கள்ல 83 சதவீதம். மருந்தில்லாத போலி மாத்திரை சாப்பிட்டவங்கள்ல 28. அந்த 28ஐப் பாருங்க. மருந்தே இல்லாம நூத்துக்கு 28 பேருக்கு முடி நின்னிருக்கு! அவங்க போட்டோவை வெச்சு எந்த எண்ணெயையும் வித்துடலாம்.

தலையில தடவுற மினாக்சிடில் 5 சதவீத மருந்துக்கும் இப்படி 48 வார ஆய்வு இருக்கு. ஆனா ஆரம்பத்துல சில வாரம் சிலருக்கு இன்னும் அதிகமாக் கொட்டலாம். எனக்குத் தினம் காலையில தலையணை உறையில இருபது, முப்பது முடி. பயந்து நிறுத்தப் போனேன். பழைய முடி உதிர்ந்து புதுசுக்கு இடம் விடுதுன்னு டாக்டர் சொன்னதாலதான் தொடர்ந்தேன். நிறுத்தினா வந்த முடி சில மாசத்துல போயிடும், அதையும் யோசிச்சுக்கோங்க.

பிஆர்பி ஆய்வுகள் பெரும்பாலும் சின்னது, ரத்தத்தைப் பிரிக்கிற முறையும் இடத்துக்கு இடம் வேற. வெங்காயச் சாறுக்கு 2002ல ஒரு ஆய்வு வந்தது உண்மை. ஆனா அது புழுவெட்டுக்கு, பரம்பரை வழுக்கைக்கு இல்ல. அம்மாகிட்ட பக்குவமாச் சொல்லுங்க.

சுமதி:
அண்ணா, அந்த ஃபினாஸ்டிரைடு மாத்திரையில ஆண்மைக் குறைவு வரும்ங்கிறாங்களே? என் தம்பி அதான் பயப்படறான்.

இளங்கோ:
வரலாம்மா. ஆய்வுல அந்த மாதிரி தொந்தரவு 3.8 சதவீதம் பேருக்கு, போலி மாத்திரையில 2.1. சிலருக்கு மனச்சோர்வும் வருது. தற்கொலை எண்ணம் வரலாம்னு 2025ல ஐரோப்பிய மருந்து முகமை உறுதி செஞ்சது. அதனால கடையில நேரா வாங்க வேண்டாம், தோல் டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்க. கர்ப்பமா இருக்கிறவங்க உடைஞ்ச மாத்திரையைத் தொடவே கூடாது.

கார்த்தி:
ரொம்ப நன்றிண்ணா. ஊசிக்குப் பணம் கட்டல. சனிக்கிழமை தோல் டாக்டர்கிட்ட டோக்கன் போட்டிருக்கேன்.

இளங்கோ:
நல்லது தம்பி. போறதுக்கு முன்னாடி தலையை நல்லாக் காயவெச்சு, டியூப்லைட்டுக்குக் கீழே உச்சந்தலையை ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. மாசம் ஒண்ணு, அதே இடம், அதே வெளிச்சம்.