‘ஆக்டிவேட்டட் ஸ்லட்ஜ்’: உயிர்ப்புக் கசடு என்று சொல்லலாமா?

வணக்கம். கழிவுநீரைத் தூய்மைப்படுத்தும் தொட்டிகளில் பாக்டீரியா பெருகி உண்டாகும் கசட்டை ஆங்கிலத்தில் ‘ஆக்டிவேட்டட் ஸ்லட்ஜ்’ என்கிறார்கள். அதை ‘உயிர்ப்புக் கசடு’ என்று சொல்லலாம் என்பது என் யோசனை. அதற்கு நண்பர் ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்:

> ஆக்டிவேட்டட் கார்பனைக் கிளர்வுற்ற கரி என்கிறோம். அப்படியே ஆக்டிவேட்டட் ஸ்லட்ஜ் கிளர்வுற்ற கசடாக இருந்துவிட்டுப் போகட்டுமே?

ஐயா, கரிக்கும் இதற்கும் ஒரே அடைமொழி பொருந்தாது என்பது என் கருத்து. கரியை நீராவியிலோ வேதிப்பொருளிலோ பதப்படுத்தி நுண்துளைகளைப் பெருக்குகிறோம். அது உயிரற்ற பொருள். இந்தக் கசடோ பெரும்பாலும் பாக்டீரியாக் கூட்டம். காற்று கிடைக்காவிட்டால் அழுகி நாறத் தொடங்கிவிடும்.

பெயர் பிறந்த கதையும் இதைத்தான் காட்டுகிறது. மான்செஸ்டரின் டேவிஹும் கழிவுநீர் நிலையத்தைச் சேர்ந்த ஆர்டன், லாக்கெட் இருவரும் 1914இல் இந்த முறையை வெளியிட்டார்கள். கழிவுநீருக்குள் காற்றைச் செலுத்திப் பார்த்தபோது, முதல் தடவை அது முழுதாகத் தூய்மையாக ஐந்து வாரம் பிடித்தது. தெளிந்த நீரை மட்டும் வடித்துவிட்டு, அடியில் தங்கியதைக் கொட்டாமல் அதன்மேலேயே புதுக் கழிவுநீரை விட்டார்கள். திரும்பத் திரும்ப இப்படிச் செய்யக் கசடு பெருகியது, நேரம் குறைந்தது. கடைசியில் ஒரு நாளுக்குள் வேலை முடிந்தது. யாரும் எதையும் கிளர்த்தவில்லை. உயிர்களைக் காப்பாற்றி வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

ஆற்றைக் காப்பதும் இதுதான். சாக்கடை நீரை அப்படியே ஆற்றில் விட்டாலும் பாக்டீரியா அதைத் தின்னத்தான் செய்யும். ஆனால் அதற்கு வேண்டிய ஆக்சிஜனை ஆற்று நீரிலிருந்தே எடுக்கும். நம் ஊர் வெப்பத்தில் ஒரு லிட்டர் நல்ல நீரில் கரைந்திருப்பது சுமார் 8 மில்லிகிராம். ஒரு லிட்டர் வீட்டுக் கழிவுநீரோ 200, 300 மில்லிகிராம் கேட்கும். மீன் செத்து மிதக்காமல் என்ன செய்யும்? அந்தத் தீனியை ஆற்றுக்கு வெளியே, ஒரு தொட்டிக்குள்ளேயே முடித்துவிடுவதுதான் நிலையத்தின் வேலை. கழிவுநீர் பற்றி ஆராய்ந்த பிரிட்டனின் அரச ஆணையம் 1912இல், லிட்டருக்கு 20 மில்லிகிராம் வரை ஆக்சிஜன் கேட்கும் நீரை ஆற்றில் விடலாம் என்றது, ஆற்றில் குறைந்தது எட்டு மடங்கு சுத்தமான நீர் கலக்கும் என்ற கணக்கில். கோடைக் கூவத்தில் அந்த எட்டு மடங்குக்கு வழியில்லை. கோயம்பேடு நிலையம் போன்றவற்றில் கசடு நன்றாக இருப்பது அதனால் இன்னும் முக்கியமாகிறது.

சரி, சொல்லுக்கு வருகிறேன். ‘உயிர்ப்பு’ என்பதற்குப் பழந்தமிழில் மூச்சு என்று பொருள். இன்று துடிப்பு, செயலூக்கம் என்ற பொருளிலும் வழங்குகிறது. காற்றால் வாழும் கசட்டுக்கு இரண்டும் பொருந்துகின்றன. வெறும் ‘உயிர்க்கசடு’ சுருக்கமாக இருந்தாலும் தயங்குகிறேன். வயலுக்கு எருவாகப் போகும் பதப்படுத்திய கசட்டுக்கும் அதையே சொல்லிவிடுவார்கள்.

இதிலிருந்து மற்றவையும் எளிதாக வரும்: உயிர்ப்புக் கசட்டு முறை, காற்றூட்டுத் தொட்டி, தொட்டிக்கே திருப்பி அனுப்புவது மீள்கசடு, வெளியே எடுப்பது மிகைக் கசடு. இழை பாக்டீரியா மிஞ்சிப்போய்க் கசடு படியாமல் தெளிநீரோடு ஆற்றுக்கே போய்விடும் கோளாறு ஒன்று உண்டு, ‘பல்கிங்’. அதற்குக் ‘கசடு உப்பல்’ என்று வைத்திருக்கிறேன், ஆனால் வயிற்று உப்புசம் போல ஒலிக்கிறதோ என்று பார்க்கிறேன். நிலையங்களில் வேலை பார்க்கும் நண்பர்கள் தொட்டியருகே தங்களுக்குள் என்ன சொல்கிறார்கள் என்று எழுதுங்கள். அதில் நல்ல சொல் இருந்தால் என்னுடையதை விட்டுவிடலாம்.