1939 வெள்ளி ரூபாய்: கிரேடிங் அனுப்பலாமா, வேண்டாமா?

வண்ணை_காசு:
ராஜா தலை வெள்ளி ரூபாய் மூன்று கையில் இருக்கு: 1919, 1938, 1939. மூன்றையும் அமெரிக்காவுக்கு கிரேடிங் (அசலா என்று பார்த்துத் தரம் போடுவது) அனுப்பினால் பிரயோஜனம் உண்டா? சவுகார்பேட்டையில் எடைக்குத்தான் விலை சொல்றாங்க. 1919-ஐ விபூதி போட்டுத் தேய்த்ததில் பளிச்சுன்னு இருக்கு.

தங்கசாலை_70:
1939-ஐ கண்டிப்பா அனுப்புங்க. அந்த வருஷ ஒரு ரூபாய் அபூர்வம், அதனாலேயே போலியும் அதிகம். என்ஜிசி, பிசிஜிஎஸ் மாதிரி அமெரிக்க கிரேடிங் நிறுவனத்தில் அசல்னு உறுதி செய்து, 70 புள்ளி அளவுகோலில் தரம் போட்டு, சீல் வைத்த பெட்டியில் வந்தால்தான் ஊர் தெரியாதவர்கூட நம்பிப் பணம் கட்டுவார். அனுப்புறதே அனுப்புறீங்க, மூன்றும் ஒரே பார்சலில் போகட்டும். கூரியர் செலவு பிரிஞ்சுடும்.

ராயபுரம்_லென்ஸ்:
அண்ணே, அந்தக் கடைசி யோசனை ஆபத்து. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு வயது ஆன காசு தொல்பொருள். தனியார் அதை நாட்டைவிட்டு வெளியே அனுப்பக் கூடாது. கிரேடிங் முடிந்து திரும்பி வந்துவிடும் என்பதெல்லாம் செல்லாது. முகவர் வழியாக அனுப்பினாலும் அதே சட்டம்தான். 1919 இங்கேயே இருக்கட்டும்.

சட்டம் இல்லாவிட்டாலும் அது தேறாது. ஒற்றை பல்புக்குக் கீழே காசைச் சாய்த்துத் திருப்பிப் பாருங்க. வெற்றுப் பரப்பில் ஒரே பக்கமாக மெல்லிய கீறல்கள் ஓடும். விபூதி தேய்த்த தடம் அது. தர எண்ணுக்குப் பதிலாக 'டீட்டெய்ல்ஸ், கிளீன்ட்' (தேய்த்துச் சுத்தம் செய்த காசு) என்று எழுதி அனுப்புவார்கள். கட்டணம் மட்டும் முழுசு.

தங்கசாலை_70:
1919 விஷயத்தில் நான் சொன்னது தப்பு, ஒத்துக்கிறேன். 1938 தேய்க்காத காசுன்னா அனுப்பலாமே?

ராயபுரம்_லென்ஸ்:
கணக்கு போடுங்க. கட்டணம், போகவரச் செலவு, காப்பீடு, முகவர் கமிஷன் சேர்த்து காசுக்கு 6,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சும்மா விற்றால் 2,000 போகும் காசு, பெட்டியோடு 8,000-க்கு மேல் போனால்தான் கையைக் கடிக்காது. மன்னரின் கன்னமும் கிரீடத்தின் மேடும் மழுங்கியிருந்தால் அது புழங்கிய காசு, 70 புள்ளி அளவுகோலில் 60-ஐத் தொடாது. காசைச் சுழற்றும்போது ஒளிக்கீற்று சக்கரம்போல் கூடவே சுற்றி, மேட்டிலும் அறுபடாமல் வந்தால் மட்டும் யோசிக்கலாம்.

1939-ஐயும் முதலில் வீட்டில் சோதிங்க. 0.01 கிராம் காட்டும் தராசில் 11.66-க்கு அருகே வரணும். தேய்மானத்தில் சற்றுக் குறையும். பிறகு தண்ணீர் டம்ளரைத் தராசில் வைத்து, பூஜ்யமாக்கி, காசை நூலில் கட்டி அடியைத் தொடாமல் முழுக்குங்க. 91.7 சதவீத வெள்ளிக்கு 1.13 கிராம் காட்டும். 1.22 என்றால் 1940-க்குப் பின் வந்த பாதி வெள்ளி. 1.3-ஐத் தாண்டினால் வெள்ளியே இல்லை எனலாம். காசில் காற்றுக்குமிழி ஒட்டினால் அளவு கூடிக் காட்டும். நூலை ஆட்டி உதிர்த்துவிட்டுப் படிங்க.

தங்கசாலை_70:
இங்கேதான் நான் மறுக்கிறேன். 1939-இல் பெரிய மோசடியே 1938-இன் 8-ஐச் செதுக்கி 9 ஆக்குவதுதான். உலோகம் அசல் வெள்ளி. உங்க தராசும் தண்ணீரும் பாஸ் போட்டு அனுப்பிவிடும்! வாங்குகிறவருக்கும் இது தெரியும், அதனால் பெட்டி இல்லாத 1939-க்குப் பாதி விலைகூடக் கேட்க மாட்டார். கட்டணம் தரத்துக்காக இல்லை, அந்த ஒற்றை எண்ணுக்காக.

ராயபுரம்_லென்ஸ்:
சரியான வாதம். 1939-க்கு ஒப்புக்கொள்கிறேன், ஆனால் லென்ஸ் பார்த்த பிறகுதான். 10 மடங்கு லென்ஸில் 9-இன் கீழ்வளைவைப் பாருங்க. செதுக்கிய இடத்தில் பரப்பு பள்ளமாக, பக்கத்து எண்களைச் சுற்றி இல்லாத பளபளப்போடு தெரியும். எண்ணின் கரை நேராக எழாமல் வழிந்திருக்கும். அப்படித் தெரிந்தால் காசு அனுப்பிக் காசைத் தொலைக்காதீங்க.

தங்கசாலை_70:
அனுப்பும் வரை மெத்தென்ற பிவிசி கவரில் வைக்காதீங்க. நம்ம கடல் ஈரத்துக்குச் சீக்கிரமே பச்சைப் பிசின் விடும். ஏற்கெனவே ஒட்டியிருந்தால் சுத்தமான அசிட்டோனில் முக்கி எடுத்து உலரவிடுங்க. துணியால் துடைக்கக் கூடாது. ஜன்னல் திறந்திருக்கணும், பக்கத்தில் அடுப்பு எரியக் கூடாது. மைலார் (பிவிசி கலக்காத பாலியஸ்டர்) கவரும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லும் போதும்.

ராயபுரம்_லென்ஸ்:
1939-இன் தேதிப் பக்கத்தை மட்டும் பக்கவாட்டு வெளிச்சத்தில் படம் எடுத்துப் போடுங்க, வண்ணை. ஃபிளாஷ் வேண்டாம், செதுக்கின தடம் மறைஞ்சிடும்.